செவ்வாய் இரவு எட்டு மணி



போன மாதம் இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் ஒன்று பரந்தன் பக்கத்திலிருந்து வந்தது. பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருந்தார். "அக்கா, ஆஸ்பத்திரிக் குசினி வேலையைப் பற்றி எழுதினீர்கள். லண்டன் குளிரைப் பற்றி எழுதினீர்கள். கிழமையில் ஒருநாள் வானொலியில் பாட்டுப் போடுகிறேன் என்று மட்டும் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அது என்ன வானொலி? என்ன பாட்டு? தமிழ்ப் பாட்டா?" என்று கேட்டிருந்தார். கடிதத்தின் அடியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. அதற்குப் பதில் எழுதத்தான் இரண்டு கிழமையாகப் பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வானொலி.

நீங்கள் நினைப்பது போலப் பெரிய நிலையம் ஒன்றும் அல்ல. பிரித்தானியாவில் ஆஸ்பத்திரிகளுக்கென்றே சிறு சிறு வானொலிகள் இருக்கின்றன. 1920களின் நடுப்பகுதியிலேயே தொடங்கிய வழக்கம் இது. கட்டிலில் கிடக்கும் நோயாளிக்குப் பொழுது போகவேண்டும், தன்னை யாரோ நினைக்கிறார்கள் என்று தெரியவேண்டும், அவ்வளவுதான் நோக்கம். சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான் நடத்துவார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் கலையகம் என்று சொல்லப்படுவது நிலத்துக்குக் கீழே, சலவைப் பகுதிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய களஞ்சிய அறை. சுவரில் பழைய கம்பளத்தை ஒட்டியிருக்கிறார்கள், சத்தம் எதிரொலிக்காமல் இருக்க. ஒரு மேசை, ஒரு ஒலிவாங்கி, மேலும் கீழும் தள்ளுகிற பொத்தான்கள் வரிசையாக உள்ள ஒரு பெட்டி, ஒரு கணினி, இரண்டு இசைத்தட்டுச் சுழற்றிகள். ஒலிவாங்கி திறந்திருந்தால் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். செவ்வாய் இரவு எட்டு மணி முதல் ஒன்பது மணி வரை அந்தச் சிவப்பு விளக்கு என்னுடையது.

தமிழ்ப் பாட்டு அல்ல. அமெரிக்காவின் பழைய கிராமியப் பாட்டுகளும், 'சோல்' என்று சொல்லப்படுகிற கறுப்பின மக்களின் பாட்டுகளும். பெரும்பாலும் 1950, 60களில் வந்தவை. குசினியில் சோற்றுக் கரண்டி பிடிக்கிற யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று என்னுடைய கணவரே கேட்டிருக்கிறார்.

2011 இல் நான் சாப்பாட்டு வண்டி தள்ளுகிற வேலையில் இருந்தேன். மாலையில் வார்ட்டுகளுக்குப் போகும்போது ஒரு கிழவர் கையில் கொப்பியோடு கட்டில் கட்டிலாகப் போவார். யமேக்காவிலிருந்து சிறுவனாக வந்தவர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. "இன்றைக்கு உங்களுக்கு என்ன பாட்டு? யாருக்காக?" என்று கேட்டு எழுதுவார். நான் சூப் கோப்பையை வைக்கும் நேரத்தில் அவர் பாட்டின் பெயரை எழுதிக்கொண்டிருப்பார். ஒருநாள் ஒரு வயோதிபப் பெண் தன்னுடைய ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்து, "கேள், கேள்" என்றா. ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். சொற்கள் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் குரல் ஓரிடத்தில் ஏறி, உடைந்து, உடைந்த இடத்திலிருந்தே திரும்பவும் ஏறியது. எங்கள் அம்மம்மா ஒப்பாரி சொல்லும்போது குரல் அப்படித்தான் உடையும். சாப்பாட்டு வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு நின்றுவிட்டேன். அன்றைக்கு ஏழு பேருக்குச் சூப் ஆறிப்போனது. மேற்பார்வையாளரிடம் ஏச்சும் வாங்கினேன்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நினைவு முழுக்கச் சைக்கிள்.

வடக்கில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990 இல் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பார்த்தோம், பிறகு அதுவும் செத்துப்போனது. அப்போதுதான் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்து வானொலிக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றத் தொடங்கினோம். திருச்சி வானொலி, பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வருகிற வெரித்தாஸ் எல்லாம் அந்தச் சில்லின் சுழற்சியில்தான் எங்கள் முற்றத்துக்கு வந்தன. என்னுடைய தம்பிதான் எங்கள் வீட்டு மின்சாரசபை. அவனுக்குக் கை உளைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகும். "சுத்தடா" என்று அம்மா சத்தம் போடுவா. செய்திக்குத்தான் அவனுக்குக் கை உளையும். பாட்டு வந்துவிட்டால் ஒருவரும் சொல்லாமலே சுற்றுவான்.

1995 ஐப்பசி இடப்பெயர்வில் அந்தச் சைக்கிளில்தான் அம்மம்மாவை ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்தோம். 1996 ஆடி மாதம் அதே சைக்கிளில் கடைக்கென்று வெளிக்கிட்டவன் திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அவனுக்கு அப்போது இருபது வயது.

சரி, வானொலிக்கு வருவோம். அடுத்த கிழமை அந்தக் கிழவரிடம் போய், "நானும் வரலாமா?" என்று கேட்டேன். என்னுடைய ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். அவர் சிரிக்கவில்லை. "கொப்பியைப் பிடி, பெயர்களைச் சரியாக எழுது" என்றார். ஆறு மாதம் பெயர் எழுதுவதுதான் என் வேலை.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பாட்டு பிந்தலாம், தட்டு கீறல் விழுந்து துள்ளலாம், பெயர் மட்டும் பிழைக்கக்கூடாது. கேட்டவரின் பெயரும், யாருக்காகக் கேட்டார் என்ற பெயரும் முழுதாக வாசிக்கப்படவேண்டும். போலந்துப் பெயராக இருக்கட்டும், நைஜீரியப் பெயராக இருக்கட்டும், சொந்தக்காரரிடமே எப்படிச் சொல்வது என்று கேட்டு, மூன்று தரம் சொல்லிப்பார்த்து, அதற்குப் பிறகுதான் ஒலிவாங்கிக்கு முன்னால் போகவேண்டும். இந்த நாட்டில் என்னுடைய பெயரைச் சரியாகச் சொன்ன முதல் வெளிநாட்டுக்காரர் அவர்தான். அதுவரை குசினியில் என்னை எல்லாரும் முதல் இரண்டு எழுத்தால்தான் கூப்பிட்டார்கள்.

தொழில் நுட்பம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. ஒரு பாட்டு முடிய முன்னரே அடுத்ததைத் தயாராக வைத்திருக்க வேண்டும். நடுவில் சில விநாடி மௌனம் வந்தால்கூட வானொலி பழுதாகிவிட்டது என்று வார்ட்டிலிருந்து தொலைபேசி வரும். சிவப்பு விளக்கைப் பார்க்காமல் வாய் திறக்கக்கூடாது. இதை நான் படித்த விதம் வேறு. ஒருநாள் ஒலிவாங்கியை மூட மறந்துவிட்டு, வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "பருப்பு அடுப்பில கிடக்கு, இறக்கினியளா இல்லையா?" என்று மகளுக்கு ஏசியது முழு ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டது. அடுத்த நாள் இதய வார்ட்டில் ஒரு தமிழ் ஐயா சாப்பாட்டை வாங்கிக்கொண்டே, "பிள்ளை, பருப்பு என்ன மாதிரி, அடிப்பிடிச்சுதா?" என்று கேட்டார்.

இந்தப் பாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று படிக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு இவற்றின் மேல் உண்மையான பிடிப்பு வந்தது. ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் வயல்களில் பாடியவை ஒரு பக்கம். தேவாலயத்தில் பாடியவை ஒரு பக்கம். தேவாலயப் பாட்டின் உருக்கத்தை எடுத்து உலக வாழ்க்கைப் பாட்டுக்குள் வைத்தபோது பிறந்தது சோல். தாளம் ஆட வைக்கும், குரல் அழ வைக்கும்.

அரீதா ஃபிராங்ளின் பாடிய 'ரெஸ்பெக்ட்' என்ற பாட்டை எடுங்கள். மரியாதை என்று அர்த்தம். 1965 இல் அதை எழுதிப் பாடியவர் ஒட்டிஸ் ரெடிங் என்ற ஆண். உழைத்துக் காசு கொண்டுவருகிற புருஷனுக்கு வீட்டில் மரியாதை வேண்டும் என்று அவர் கேட்டார். 1967 இல் அரீதா அதே பாட்டைக் கையிலெடுத்து, தன்னுடைய சகோதரிகளைப் பின்னால் பாட வைத்து, கேட்கிற ஆளை மாற்றிவிட்டார். இப்போது மனைவி கேட்கிறாள். அது அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. ஆணின் பாட்டை இன்றைக்கு அநேகம் பேர் மறந்துவிட்டார்கள். சம்பள நாள் செவ்வாய்க்கிழமையில் வந்தால் குசினிப் பெண்களுக்காக இதைப் போடுவேன். பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு சின்ன வானொலி இருக்கிறது. அவர்கள் கூடவே பாடுகிற சத்தம் கீழே என்னுடைய அறைக்கே கேட்பதாக எனக்கு ஒரு எண்ணம்.

ஆனால் என்னுடைய நெஞ்சுக்கு நெருங்கியவர் எலிசபெத் கொட்டன். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். 1893 இல் வட கரோலினா மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டு வேலைக்குப் போனார். சேர்த்த காசில் ஒரு மலிவான கிற்றார் வாங்கினார். இவர் இடதுகைக்காரி, கிற்றாரோ வலதுகைக்காரருக்குச் செய்தது. சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை. ஆகவே கருவியைத் தலைகீழாகப் பிடித்தார். மற்றவர்கள் பெருவிரலால் தட்டுகிற தந்தியை இவர் மற்ற விரல்களாலும், மற்றவர்கள் விரல்களால் மீட்டுவதை இவர் பெருவிரலாலும் வாசித்தார். வீட்டுக்குப் பக்கத்தில் போகிற சாமான் ரயிலைப் பார்த்துப் பதினொன்று பன்னிரண்டு வயதில் ஒரு பாட்டுக் கட்டினார். அதுதான் 'ஃபிரெயிட் ரெயின்'.

பிறகு இளவயதிலேயே கலியாணம், ஒரு மகள். இதெல்லாம் உலகத்துப் பாட்டு, கைவிடு என்று தேவாலயத்திலும் சொன்னார்கள். கைவிட்டார். கொஞ்சநஞ்சக் காலம் அல்ல, பல பத்து வருடங்கள் கிற்றாரைத் தொடவில்லை. 1940களில் வொஷிங்டன் நகரில் ஒரு பெரிய கடையில் வேலை செய்யும்போது, கூட்டத்தில் தவறிப்போன ஒரு சின்னப் பெண்ணைக் கண்டுபிடித்துத் தாயிடம் சேர்த்தார். அந்தத் தாய் இவரைத் தன் வீட்டு வேலைக்குக் கூப்பிட்டார். அது சீகர் குடும்பம். தாயும் தகப்பனும் இசை அறிஞர்கள், பிள்ளைகள் பாடகர்கள். சுவரில் கிற்றார் தொங்குகிற வீடு. துணி மடிக்கவும் ரொட்டி சுடவும் போன பெண் ஒருநாள் அந்தக் கிற்றாரை எடுத்து, தலைகீழாகப் பிடித்து, மறந்துபோனதை விரல்களால் தேடினார். பிள்ளைகள் கண்டுவிட்டார்கள். மகன் வீட்டிலேயே பதிவு செய்தார். முதலாவது இசைத்தட்டு 1958 இல் வந்தபோது இவருக்கு அறுபத்தைந்து வயது.

இதற்கிடையில் சிறுமியாகக் கட்டிய பாட்டு கடல் கடந்து போய், 1957 இல் இங்கிலாந்தில் வேறு ஆட்களின் பெயரில் புகழ் பெற்றிருந்தது. பிறகுதான் இவருடைய பெயர் சேர்க்கப்பட்டது. எண்பதைத் தாண்டியும் மேடைகளில் பாடினார். தொண்ணூற்றை ஒட்டிய வயதில் கிராமி விருதும் வந்தது. 1987 இல் காலமானார். வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போய் வந்த சகோதரிகள் பலர் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். இவருடைய பாட்டைப் போடும் ஒவ்வொரு முறையும் உங்களைத்தான் நினைப்பேன். எத்தனை வீட்டுக் குசினியில் எத்தனை பாட்டு துணியோடு சேர்த்து மடித்து வைக்கப்பட்டிருக்கும்!

கொப்பியோடு வார்ட்டுக்குப் போகிற அந்த அரைமணி நேரம்தான் இந்த வேலையில் சிறந்த நேரம். பாபடோஸ் தீவிலிருந்து 1960களில் தாதியாகப் பயிற்சி பெற வந்து, இதே நகரத்தில் ஓய்வுபெற்று, இதே ஆஸ்பத்திரியில் நோயாளியாகக் கிடந்த ஒரு அம்மா இருந்தா. எப்போதும் சாம் குக் பாடிய ஒரு பாட்டைத்தான் கேட்பா. 'ஒரு மாற்றம் வரத்தான் போகிறது' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 1963 இல் அந்தப் புகழ்பெற்ற பாடகரைக் கறுப்பர் என்று ஒரு ஹோட்டலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே காலத்தில் பொப் டிலன் என்ற வெள்ளை இளைஞர் நீதி கேட்டு எழுதிய ஒரு கிராமியப் பாட்டையும் கேட்டு, இதை நாங்கள் அல்லவா எழுதியிருக்க வேண்டும் என்று சாம் குக்குக்கு உறைத்தது. இதில் ஒரு வேடிக்கை, டிலனின் மெட்டே அடிமைகள் பாடிய ஒரு பழைய பாட்டிலிருந்து வந்தது. எடுத்தது எடுத்தவரிடமே திரும்பி வந்த மாதிரி. 1964 தையில் அவர் அந்தப் பாட்டைப் பதிவு செய்தார். அதே வருடம் மார்கழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். தனித்தட்டாக அது வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அந்தத் தாதி அம்மாவிடம் ஒருநாள், "மாற்றம் வந்ததா அம்மா?" என்று கேட்டேன். இளவயதில் அவ தொட்டு மருந்து கட்டக்கூடாது என்று சொன்ன நோயாளிகளும் இருந்திருக்கிறார்களாம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அரைவாசி வந்தது மகளே. மற்ற அரைவாசி பஸ் பிந்திவிட்டது" என்றா.

இன்னொரு நாள் ஒரு தமிழ் அம்மம்மா. மட்டக்களப்பு. ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. மகன் வேலை முடிந்து இரவில்தான் வருவான். கொப்பியைக் கண்டதும் என்னவென்று விசாரித்தா. சொன்னேன். "எனக்கொரு தாலாட்டுப் போடுவியா மகள்?" என்று கேட்டா. "யாருக்காக அம்மம்மா?" என்றேன். "எனக்குத்தான். எனக்கு ஒருத்தரும் பாடினதில்லை, நான்தான் எல்லாருக்கும் பாடினது" என்றா. எங்களிடம் அப்படித் தட்டு ஒன்றும் இல்லை. கிராமியப் பாட்டு நிகழ்ச்சிதானே, எங்கள் தாலாட்டு கிராமியப் பாட்டு இல்லையா என்று நினைத்து, சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நானே பாடினேன். நடுவில் அடி மறந்து போய், முதல் அடியையே திரும்பத் திரும்பப் பாடி ஒப்பேற்றினேன். கீழே வேலை முடிந்து வந்தபோது ஒரு பிலிப்பைன்ஸ் தாதி சொன்னாள், அந்த வார்ட்டில் ஆறு கட்டிலும் நித்திரையாம். என்னுடைய குரல் வளத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

2020 இல் கொரோனா வந்தபோது தொண்டர்களை உள்ளே விடவில்லை. குசினி வேலைக்குப் போவேன், கலையகத்துக்குப் போகமுடியாது. வீட்டு அலமாரிக்குள் தலையை விட்டு, உடுப்புகளுக்கு நடுவில் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். உடுப்பு சத்தத்தை உறிஞ்சும். அப்போது வேண்டுகோள்கள் உள்ளேயிருந்து வரவில்லை, வெளியேயிருந்து வந்தன. பார்க்க விடாத பிள்ளைகள், உள்ளே கிடக்கிற தாய் தகப்பனுக்குப் பாட்டுக் கேட்டார்கள். ஒரு மகள் தகப்பனுக்காக ஐந்து கிழமை தொடர்ந்து கேட்டாள். ஆறாவது கிழமை கேட்கவில்லை. அந்த இடத்தில் என்ன பாட்டைப் போடுவது என்று அலமாரிக்குள் இருந்து கனநேரம் யோசித்தேன்.

பரந்தன் சகோதரி தான் கிளிநொச்சிக் கொட்டகையில் இருந்திருப்பதாக எழுதியிருக்கிறார். 2017 மாசி 20 ஆம் திகதி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கிய அந்தப் போராட்டத்தில். அவருக்காக ஒரு கதை. 1945 ஐப்பசி மாதம் தென் கரோலினாவில் சார்ள்ஸ்டன் என்ற துறைமுக நகரில் சுருட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலானோர் கறுப்பினப் பெண்கள். குளிரிலும் மழையிலும் அடுத்த வருட வசந்தகாலம் வரை வாசலில் நின்றார்கள். சோர்வு வரும்போது ஒரு பழைய தேவாலயப் பாட்டைப் பாடினார்கள். லூசில் சிமன்ஸ் என்ற தொழிலாளி அதை மிக மெதுவாக இழுத்து இழுத்துப் பாடுவாராம். தனி ஆளாகப் பாடுகிற அந்தப் பாட்டில் 'நான்' என்றிருந்ததை அவர்கள் 'நாங்கள்' என்று மாற்றினார்கள் என்று சொல்லப்படுகிறது. டென்னசி மாநிலத்தில் தொழிலாளர்களுக்கான ஒரு பள்ளியில் சில்ஃபியா ஹோர்ட்டன் என்ற பெண் அதை அவர்களிடம் கற்று மற்றவர்களுக்குப் பரப்பினார். இன்றைக்கு உலகம் முழுக்கப் பாடுகிற 'வீ ஷல் ஓவர்கம்' என்ற பாட்டு அந்த வாசலைக் கடந்துதான் வந்தது. மேடையில் கேட்டால் அது வீரப்பாட்டு. அந்தப் பெண்களுக்கு அது காலையில் வந்து மாலை வரை நிற்பதற்கான பாட்டு.

எங்களிடம் தாலாட்டு இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது. வந்தவனுக்கு ஒன்று, போனவனுக்கு ஒன்று. வந்தானா போனானா என்று தெரியாதவனுக்கு என்ன பாட்டு? தம்பிக்கு அம்மா ஒப்பாரி சொல்லவில்லை. சொன்னால் அவன் செத்தான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயம். அயலில் செத்தவீடு என்றால் போவா, ஒரு மூலையில் இருப்பா, வாயைத் திறக்கமாட்டா. முன்பெல்லாம் ஒப்பாரிக்கு அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். 2009 இல் அம்மாவும் அப்படியே, ஒன்றும் பாடாமலே போய்ச் சேர்ந்தா. இந்த அந்நியப் பாட்டுகளில் நான் கண்டது அந்த நடுவில் இருக்கிற பாட்டைத்தான் என்று நினைக்கிறேன். இன்னும் முடியவில்லை, இன்னும் வரவில்லை, ஆனாலும் குரல் நிற்கவில்லை என்கிற மாதிரி.

கிழவர் 2013 இல் ஓய்வெடுத்தார். கடைசி இரவு எனக்கும் ஒரு துண்டைத் தந்து, "இவ்வளவு நாளும் மற்றவர்களுக்கு எழுதினாய், உனக்கு எழுது" என்றார். பாட்டின் பெயரை எழுதினேன். கேட்பவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். யாருக்காக என்ற இடத்தில் பேனை போகவில்லை. பெயரை எழுதி அவர் அதை ஒலிபரப்பினால், இறந்தவர் பட்டியலில் சேர்த்ததாகிவிடுமோ என்று அம்மாவின் பயம் எனக்கும். அவர் துண்டை வாங்கிப் பார்த்தார். வற்புறுத்தவில்லை. "அடுத்த பாட்டு, பெயர் இன்னும் எழுதப்படாத ஒருவருக்காக" என்று சொல்லிப் போட்டார். பெயரை முழுதாக வாசிக்கும் தன்னுடைய சட்டத்தை அவர் மீறியது அந்த ஒருமுறைதான். அந்தத் துண்டு என்னுடைய அடையாள அட்டைக்குப் பின்னால் இன்றைக்கும் இருக்கிறது.

இனிக் கடிதத்தின் அடியில் இருந்த கேள்வி. "அக்கா, என்னுடைய மகனுக்காக ஒரு பாட்டுப் போடுவீர்களா? அவன் எங்கே என்று தெரியாது. அவனுடைய முழுப்பெயரையும் சொல்லவேண்டும். ஆனால் செத்தவர்களுக்குப் போடுகிற பாட்டு மட்டும் வேண்டாம்."

சகோதரி, என்னிடம் உள்ள தட்டுகளை எல்லாம் இந்தப் பதினான்கு நாளில் திரும்பக் கேட்டேன். எலிசபெத் அம்மாவின் ரயில் பாட்டில் சாவும் புதைப்பதும் வருகிறது, அது வேண்டாம். மாற்றம் வரும் என்ற பாட்டிலும் சாவைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறது, அதுவும் வேண்டாம். கடைசியில் சாம் குக்கின் இன்னொரு பாட்டை எடுத்திருக்கிறேன். 1962 இல் வந்தது. வீட்டுக்குத் திரும்பி வா என்று கூப்பிடுகிற பாட்டு. உண்மையைச் சொன்னால் காதலியைக் கூப்பிடுவதுதான், அதற்காக என்னைக் கோபிக்க வேண்டாம். இதை எடுத்ததற்குக் காரணம் அதில் இரண்டு குரல் இருக்கிறது. சாம் குக் கூப்பிடக் கூப்பிட, லூ ரோல்ஸ் என்ற இன்னொரு பாடகர் பக்கத்திலிருந்து பதில் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஒரு பதில் வரும்.

அடுத்த செவ்வாய் இரவு எட்டேகாலுக்குப் போடுவேன். உங்களுக்கு அப்போது நடுச்சாமம் கடந்திருக்கும், எழும்பவேண்டாம். பதிவு செய்து சஞ்சிகைக் காரியாலயத்துக்கு அனுப்புகிறேன், அவர்கள் உங்களுக்குச் சேர்ப்பிப்பார்கள். மகனின் பெயரில் இரண்டாவது எழுத்து நெடிலா குறிலா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. காரியாலயத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

அதே பாட்டுக்கு இரண்டு துண்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று உங்களுடையது. மற்றதில் யாருக்காக என்ற இடத்தில் நேற்று இரவு ஒரு பெயரை எழுதினேன். அதை எப்படி உச்சரிப்பது என்று நான் ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை, ஆனாலும் குசினியில் மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன்.